போட்டிப் பிஸ்டலின் மகசின் ஏன் சிக்குகிறது, எங்கே தொடங்கிப் பார்ப்பது

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் சாவகச்சேரி, இப்போது இருப்பது சுவிஸ். ஐபிஎஸ்சி என்கிற வேகத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்டாண்டர்ட் பிரிவில் 2011 என்று பேர் கொண்ட வகை 9 மி.மீ. பிஸ்டலால் சுடுகிறீர்கள். 126 மி.மீ. நீள மகசின்கள், அதாவது பிடிக்குள் செருகுகிற ரவைப் பெட்டிகள், நான்கு இருக்கின்றன. கடைசி இரண்டு மூன்று ரவைகளில் ஒன்று மூக்குக் குத்தி, அதாவது நுனி கீழே சரிந்து பரலுக்குள் ஏறாமல், நிற்கிறது. வேறு சில நேரங்களில் மகசினை முழுதாக நிரப்பினால் முதல் ரவைக்கே ஸ்லைட், அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பகுதி, சரியாக மூடுவதில்லை. கழகத்தில் ஒருவர் மகசின் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் சுட்ட கோதை வெளியே இழுக்கிற கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைப் பார்க்கச் சொல்கிறார், மூன்றாவது ஆள் பிஸ்டலையே விற்றுவிடச் சொல்கிறார். எந்த ஸ்பிரிங் வாங்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்னது ஒரு நோய் இல்லை, இரண்டு. இரண்டும் ஒரே மகசினிலா, வேறு வேறு மகசினிலா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அது தெரியாமல் வாங்குகிற சாமான் எல்லாம் குருட்டு வைத்தியம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு மகசினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன், நேரில் பாருங்கள் அண்ணை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வெறும் மகசின், டம்மி ரவை, வெற்றுக் கோது, எதுவுமே வேண்டாம். கட்டுநாயக்காவில் ஸ்கானரில் பிஸ்டல் மகசின் தெரிந்து, பெட்டிக்காரரின் ஊர் யாழ்ப்பாணம் என்றால், அது விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் தேரும் தீர்த்தமும் முடிந்துவிடும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையைக்கூடப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம், ஓரப் பையில் ஒரு ரவை மறந்து கிடக்கும். சுவிசில் லேத் பட்டறையில் வேலை செய்த காலத்தில் கழகத்துப் பொடியள் எல்லோரும் தங்கள் மகசின்களை என் மேசைக்குத்தான் கொண்டு வருவார்கள். இப்போது கோண்டாவிலில் என்னிடம் இருப்பது ஒரு வேர்ணியரும் பூதக்கண்ணாடியும் மட்டும். படமும் அளவும் அனுப்பினால் அதுவே போதும்.

சரி, வேலைக்கு வருவோம். மேசையில் மகசினோடு வேலை செய்யும்போது உண்மையான ரவை அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. மருந்தும் அதைப் பற்ற வைக்கிற பிறைமரும் இல்லாத டம்மி ரவைகளை ஒரு மகசின் நிரம்பும் அளவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் நீளமும், பறந்து போகிற நுனியான சன்னத்தின் வடிவமும் நீங்கள் போட்டியில் சுடுகிற ரவையைப் போலவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையில் நன்றாக ஓடுவது ரேஞ்சில் ஓடாது.

முதல் வேலை, நான்கு மகசினுக்கும் இலக்கம் போடுவது. சின்ன வேலை, ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை. செய்பவர்களும் மகசினின் அடி மூடியான பேஸ்பாட்டில் மட்டும் எழுதிவிடுவார்கள், பிறகு கழுவித் துடைக்கும்போது பேஸ்பாட் மாறிப் பூட்டப்பட்டு இரண்டாம் இலக்கத்தின் நோய் மூன்றாம் இலக்கத்தின் பேரில் எழுதப்படும். குழாயிலும் எழுதுங்கள், பேஸ்பாட்டிலும் எழுதுங்கள். ஸ்பிரிங்கும், அதன் மேல் இருந்து ரவைகளைத் தாங்குகிற ஃபொலோவரும் அந்தந்தக் குழாயோடே இருக்கட்டும். அதன் பிறகு ஒவ்வொரு சிக்கலுக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மகசின், எத்தனையாவது ரவை, ரவை எந்த நிலையில் நின்றது. தட்டி விழுத்துவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. போட்டியில் முடியாது, பயிற்சியில் முடியும். பிஸ்டல் பாதுகாப்பான திசையிலேயே இருக்க வேண்டும், விரல் வெளியே இருக்க வேண்டும், இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரே இலக்கத்தில் மட்டும் வருகிற சிக்கல் அந்த மகசினுடையது. நான்கிலும் ஒரே மாதிரி வருவது பெரும்பாலும் பிஸ்டலுடையது, அல்லது ரவையுடையது. கழகத்தில் நடக்கிற வாக்குவாதத்தில் பாதி இந்த ஒரு குறிப்போடு அடங்கிவிடும்.

ஏன் மகசின் இவ்வளவு கரைச்சல் தருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஸ்லைட் பின்னால் போய் முன்னால் வருவதற்கு எடுக்கிற நேரம் பத்தில் ஒரு நொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் ஸ்பிரிங் மிச்ச ரவைகள் எல்லாவற்றையும் ஒரு படி மேலே தூக்கி, மேல் ரவையைச் சரியான கோணத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். 124 கிரெயின் (கிட்டத்தட்ட 8 கிராம்) சன்னம் போட்ட ஒரு 9 மி.மீ. ரவை கிட்டத்தட்ட 12 கிராம் நிறை. பதினெட்டு ரவை என்றால் 200 கிராமுக்கு மேல். அதைத் தூக்கி நிறுத்தி, பிறகு இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று நீங்கள் வேகமாகச் சுடச் சுடச் செய்ய வேண்டும். போதாததற்கு இந்த வகை மகசினில் கீழே இரண்டு வரிசையாக இருக்கிற ரவைகள் வாய்க்குக் கிட்ட வந்ததும் ஒரே வரிசையாக வேண்டும். நல்லூரில் இரண்டு வரிசையாக வருகிற சனம் ஒரு வாசலால் உள்ளே போகப் பார்க்கிற மாதிரி. பின்னால் இருப்பவர் பலமாகத் தள்ளினாலும் பிழை, தள்ளாமல் விட்டாலும் பிழை, வாசல் நிலை கொஞ்சம் கோணினால் எல்லாமே நின்றுவிடும்.

2011 வகைக்கு இன்னொரு பரம்பரை வியாதியும் உண்டு. அதன் மூலம் பிரவுணிங்கின் 1911, அதாவது .45 ரவைக்காகச் செய்தது. .45 ரவையின் உச்ச நீளம் 32 மி.மீ. சொச்சம், .38 சூப்பரும் அப்படித்தான். 9 மி.மீ. ரவையின் உச்ச நீளமோ 29.69 மி.மீ. அந்த நீளத்துக்குச் செய்த குழாயில் 9 மி.மீ. ரவையைப் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட இடம் கிடைக்கும். அதனால்தான் பல 9 மி.மீ. மகசின்களில் பின்பக்கத்தில் இடத்தை நிரப்ப ஒரு ஸ்பேசர் வைத்திருப்பார்கள். உங்கள் நான்கிலும் ஸ்பேசர் இருந்தால் அது ஆடாமல், வளையாமல், நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ரவையைக் கையால் உருவாக்குகிறவர் என்றால் நீளத்தையும் பாருங்கள். மிகக் குட்டையாக அடித்த ரவை இந்தக் குழாய்க்குள் முன்னே சரிந்து மூக்கைக் கீழே போடும். 29 மி.மீ.க்குக் கிட்ட வைத்திருப்பவர்களுக்குக் கரைச்சல் குறைவு. ஆனால் உங்கள் பரலின் சேம்பர், அதாவது ரவை உட்காருகிற பின்பகுதி, அதை ஏற்க வேண்டும். பரலைக் கழற்றி அதே நீள டம்மி ரவையை உள்ளே விடுங்கள். 'டொக்' என்று தானாக விழுந்து, விரலால் சுற்றினால் சுற்றி, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். நீளத்தை மாற்றும்போது மருந்து அளவை அப்படியே விட்டுவிட்டு மாற்றாதீர்கள். சன்னத்தை ஆழமாக இறக்கினால் அமுக்கம் ஏறும், 9 மி.மீ. மாதிரிச் சின்னக் கோதில் அது விளையாட்டில்லை. ரீலோடிங் புத்தகத்தின் அளவை விட்டு நகரக்கூடாது.

இனி உங்கள் முதல் நோய், கடைசி ரவைகள் மூக்குக் குத்துவது. ஸ்பிரிங் மகசின் நிரம்பி இருக்கும்போதுதான் நன்றாக அமுங்கி இருக்கும், வலுவும் கூட. ரவை குறையக் குறைய அது நீண்டு வலுவும் குறைந்துகொண்டு வரும். கடைசி இரண்டு மூன்று ரவைகளில் அதன் வலு மிகக் குறைவு. ஆகவே கடைசியில் மட்டும் சிக்கினால் முதல் சந்தேகம் ஸ்பிரிங்கின் மேல். கழகத்தில் சொன்னவர் பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் 'தளர்ந்துவிட்டது' என்று முடிவு கட்டுவதற்கு முன் அதைச் சரியாகப் பூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் மேல் சுற்று சாய்வாக இருக்கும். உயர்ந்த பக்கம் முன்னால், அதாவது சன்னத்தின் மூக்குப் பக்கம் வந்து ஃபொலோவரின் முன்பகுதியைத் தாங்க வேண்டும். அதைப் பின்முன்னாகப் பூட்டினாலும் மகசின் நிரம்பும், கையால் தள்ளினால் ரவை வரும், மேசையில் குறை ஒன்றும் தெரியாது. ரேஞ்சில் ஃபொலோவர் முன்னே சரிந்து கடைசி ரவைகளின் மூக்கைக் கீழே விட்டுவிடும். கழுவிப் பூட்டிய அடுத்த நாள் தொடங்கிய சிக்கல் என்று யாராவது சொன்னால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன், முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

அது சரியாக இருந்தால் நான்கு ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சுற்றுகளை எண்ணுங்கள். பழைய மகசினாக, இன்னொருவரிடம் வாங்கியதாக இருந்தால் எண்ணிக்கையே வேறாக இருக்கலாம். யாரோ ஒருவர் ஒரு ரவை கூடப் போட வேண்டும் என்ற ஆசையில் கீழ்ச் சுற்றை வெட்டியிருப்பார். எண்ணிக்கை ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாக இருந்தால் அது தளர்ந்துவிட்டது. மாற்றுங்கள். அமுங்கிய நிலையில் வைத்திருப்பதை விட, நிரப்பி வெறுமையாக்கி நிரப்பி வெறுமையாக்கி ஓடுவதுதான் நல்ல ஸ்பிரிங்கைத் தேய்க்கும். அதனால் வாரம் இரண்டு தரம் பயிற்சி செய்பவர் பருவத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவது நல்லது. விலை ஒரு பெட்டி ரவையின் விலைக்குக் கிட்டத்தான் வரும்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பூட்டாதீர்கள். எங்கள் ஊர்க்காரருக்கு இது இரத்தத்தில் ஊறிய பழக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர், எறிய மனம் வராது, எதையும் இழுத்து வளைத்து இன்னும் ஒரு வருடம் ஓட்டப் பார்ப்போம். அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இழுத்த ஸ்பிரிங் மேசையில் நீளமாகத் தெரியும், ஒரு நாள் சுட்டதும் பழைய நீளத்துக்கே போய்விடும். அதுவும் சுற்றுக்குச் சுற்று வேறு வேறு இடைவெளியில் நிற்கும். ஸ்டான்லி வீதியில் எந்த அளவிலும் ஸ்பிரிங் சுற்றித் தருவார்கள்தான், அந்தக் கம்பி மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போதும், இதற்குப் போதாது.

ஸ்பிரிங் நல்லது, பூட்டியதும் சரி, ஆனாலும் மூக்குக் குத்துகிறது என்றால் ஃபொலோவரையும் குழாயின் உட்புறத்தையும் பாருங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஃபொலோவரை மட்டும் குழாய்க்குள் போட்டு மெதுவாகச் சரியுங்கள். தன் பாரத்திலேயே ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடையில்லாமல் ஓட வேண்டும். எங்காவது தயங்கினால் அந்த இடத்தில் பென்சிலால் வெளியே ஒரு குறி போட்டுவிட்டு உள்ளே ரோர்ச் அடித்துப் பாருங்கள். பொருத்து ஓடுகிற கோட்டில் சின்னப் பிசிறு இருக்கலாம், வெளியே விழுந்த ஒரு நசுக்கல் உள்ளே மேடாக வந்திருக்கலாம். பிசிறு என்றால் 800, 1000 இலக்க ஈரத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி நீளவாக்கில் மட்டும் இரண்டு மூன்று இழுவை. பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும் என்றில்லை. நசுக்கல் என்றால் குழாயின் உள் அளவுக்குச் செய்த ஒரு கட்டையை உள்ளே வைத்து வெளியிலிருந்து மெதுவாக எடுக்கலாம். வீட்டுச் சுத்தியலை எடுத்து விளாச வேண்டாம்.

சிக்கல் நடுவில், ஏழாவது எட்டாவது ரவையில் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் இந்தக் குழாய் விவகாரம்தான், அல்லது அழுக்கு. அழுக்கைப் பற்றி ஒரு சொல். மகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள். எரியாத மருந்துத் தூளும் மணலும் எண்ணெயும் சேர்ந்தால் சாந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிறைமருக்கும் எண்ணெய் ஆகாது. பிரஷ் போட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, காய்ந்தபடியே பூட்டுங்கள். மழையில் சேற்றில் விழுத்திய மகசினை அன்றைக்கே கழற்றுங்கள், அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

இனி இரண்டாவது நோய். முழுதாக நிரப்பிய மகசினில் முதல் ரவைக்கு ஸ்லைட் மூடாமல் நிற்பது. இதற்குப் பரிசோதனை மிகச் சுலபம், ஒரு ரவை குறைத்துப் போட்டுப் பாருங்கள். சிக்கல் மறைந்தால் பேராசைதான் காரணம். ஸ்டாண்டர்ட் பிரிவில் பிஸ்டல் மகசினோடு சேர்த்து 225 x 150 x 45 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் நீளமான மகசின் போட முடியாது. அதனால் எல்லோரும் அந்த 126 மி.மீ.க்குள் இன்னும் ஒரு ரவை திணிக்கப் பார்ப்பார்கள், மெல்லிய பேஸ்பாட், குட்டை ஃபொலோவர், வெட்டிய ஸ்பிரிங் என்று. கடைசியில் ஸ்பிரிங் சுற்றுக்கு மேல் சுற்று முட்டி இரும்புக் கட்டி மாதிரி நிற்கும், மேல் ரவை ஸ்லைட்டின் அடியை அவ்வளவு பலமாகத் தேய்க்கும், போட்டிக்காரர் போடுகிற மெல்லிய ரீகோயில் ஸ்பிரிங்கால், அதாவது ஸ்லைட்டை முன்னே தள்ளுகிற ஸ்பிரிங்கால், அந்த உராய்வை மீறி ஸ்லைட்டை மூட முடியாது.

நிரப்பிய மகசினின் மேல் ரவையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது உள்ளே போய், விட்டதும் துள்ளி மேலே வர வேண்டும். அசையவே இல்லை என்றால் மூடிய ஸ்லைட்டுக்குக் கீழே அந்த மகசின் சரியாகப் பூட்டாது. பூட்டின மாதிரி இருக்கும். தொடக்க ஒலி அடித்து முதல் வெடி வைத்ததும் மகசின் காலடியில் கிடக்கும். இதைப் பார்த்திராத போட்டிக்காரர் இல்லை. தொடக்கத்தில் மகசினைப் பூட்டியதும் பேஸ்பாட்டைப் பிடித்து ஒரு தரம் கீழே இழுத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் தப்பலாம்.

கிராம்ஸ், டோசன் போன்றவர்கள் விற்கிற ஃபொலோவரும் ஸ்பிரிங்கும் பேஸ்பாட்டும் நல்ல சாமான்கள்தான். ஆனால் ஒருவருடைய ஸ்பிரிங், இன்னொருவருடைய ஃபொலோவர், மூன்றாமவருடைய பேஸ்பாட் என்று கலந்தால் அதன் கணக்குக்கு யாரும் பொறுப்பில்லை. வாங்கினால் சோடியாக வாங்குங்கள். எவ்வளவு கொள்ளும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதற்கு ஒன்று குறைத்துக் கணக்கு வையுங்கள். சட்டத்தையும் பாருங்கள். சுவிசில் கைத்துப்பாக்கிக்கு 20க்கு மேல் கொள்ளும் மகசினுக்குத் தனி நிபந்தனை இருக்கிறது, கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 10தான் எல்லை, இதை வாசிக்கிற மற்றப் பிள்ளைகள் அதை மறக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மகசின் வாயின் உதடுகளுக்கு, அதாவது குழாயின் மேல் விளிம்பில் உள்ளே வளைந்து நிற்கிற இரண்டு ஓரங்களுக்கு வர வேண்டும். ஆட்கள் தொடங்குவதே இதில்தான், அதுதான் பிரச்சினை. ரவையைப் பிடித்து வைத்து, சரியான நேரத்தில் விடுவது அந்த இரண்டு உதடுகளும்தான். இடைவெளி கூடினால் ரவை நேரத்துக்கு முன்பே துள்ளும், இரண்டு ரவை ஒன்றாக வரும், மகசினைத் தட்டினால் மேல் ரவை தானாகக் கழன்று விழும். குறைந்தால் ரவை இறுகி, பிந்தி விடுபடும், மூக்கு தாழும், ஸ்லைட்டின் வேகம் குறையும். முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு, இரண்டையும் வேர்ணியரால் எடுங்கள். இணையத்தில் இதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று வரைக்கும் அளவுகள் கிடைக்கும். நான் உங்களுக்கு எந்த இலக்கமும் தரப் போவதில்லை. குழாய் செய்தவருக்குச் செய்தவர் உதட்டின் வடிவமும் தடிப்பும் வேறு, அவர் இலக்கம் உங்கள் குழாய்க்குச் சரிவர வேண்டும் என்று இல்லை. உங்கள் நான்கில் ஒருநாளும் சிக்காத மகசின் ஒன்று இருக்கும். அதுதான் உங்கள் அளவுகோல். அதன் முன் அளவு, பின் அளவு, இரண்டு உதடுகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்பது எல்லாவற்றையும் குறித்து, மற்ற மூன்றையும் அதனோடு ஒப்பிடுங்கள்.

கண்ணாலும் பாருங்கள். ஐந்து டம்மி ரவை போட்டு மகசினை முன்பக்கமிருந்து கண் மட்டத்தில் பிடியுங்கள். மேல் ரவை நடுவில் இருக்க வேண்டும், மூக்கு கொஞ்சம் மேல் நோக்க வேண்டும். அதை விரலால் பின்னாலிருந்து மெதுவாக முன்னே தள்ளுங்கள். அடி உதட்டை விட்டு வெளியே வரும் இடத்தை வடிவாகக் கவனியுங்கள். பிடித்து இழுத்து விடுகிறதா, வழுக்கி வருகிறதா? வந்ததும் அடுத்த ரவை தாமதம் இல்லாமல் அந்த இடத்துக்கு ஏறுகிறதா? நல்ல மகசினில் பத்துத் தரம் செய்துவிட்டுச் சந்தேகமான மகசினில் ஒரு தரம் செய்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும், வேர்ணியர் பிறகுதான். அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்து உதடு வளைகிற பின்மூலையைப் பாருங்கள். மயிர் அளவுக் கோடு ஒன்று தெரிந்தால் அது வெடிப்பு. வெடித்த குழாயைத் திருத்தப் பார்க்காதீர்கள், அது குப்பைக்கு.

உதட்டைத் திருத்துவதென்றால் அதற்கென்று விற்கிற கருவி இருக்கிறது, அளவுக் கட்டையும் இருக்கிறது. அது இல்லாமல் குறட்டைப் பிடித்தால், தாடைக்குத் தோல் ஒட்டி, ஒரு மயிரிழை நகர்த்தி, அளந்து, டம்மி போட்டுப் பார்த்து, பிறகு அடுத்த மயிரிழை. ஒரே பிடியில் சரியான அளவுக்குக் கொண்டுவர நினைப்பவர் கூடப் போய்த் திருப்பி வளைப்பார், திருப்பித் திருப்பி வளைக்கிற உதடு வெடிக்கும்.

உதடு எதனால் விரிகிறது என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் பயிற்சியில்தான். ரவை உள்ள மகசின் கொங்கிறீற்றில் வாய் கீழாக விழும்போது அந்த 200 கிராமும் ஸ்பிரிங்கின் தள்ளலும் சேர்ந்து உள்ளே இருந்து உதட்டை அடிக்கும். மாற்றிப் பூட்டும் பயிற்சிக்கு வீட்டில் கீழே ஒரு தடித்த பாயைப் போடுங்கள், அதற்கென்று ஒரு பழைய மகசினை ஒதுக்குங்கள். போட்டி மகசின் போட்டிக்கு மட்டும்.

நான்கு இலக்கத்திலும் ஒரே நோய் என்றால் பிஸ்டலுக்குப் போங்கள். முதலில் மகசின் கொளுக்கி. ஸ்லைட்டைப் பின்னால் பூட்டி, டம்மி போட்ட மகசினைச் செருகி, பேஸ்பாட்டை உள்ளங்கையால் மேலே அழுத்திப் பிடித்தபடி ஸ்லைட்டை விடுங்கள். பிறகு அழுத்தாமல் அதையே செய்யுங்கள். அழுத்தும்போது மட்டும் ரவை ஏறினால் மகசின் தாழ்வாக நிற்கிறது, கொளுக்கியோ குழாயில் அது பிடிக்கிற வெட்டோ தேய்ந்திருக்கிறது. அடுத்தது எக்ஸ்ட்ராக்டர். ஸ்லைட்டைக் கழற்றி டம்மியின் அடியைக் கீழிருந்து எக்ஸ்ட்ராக்டருக்குள் நழுவ விடுங்கள். மெதுவாக ஆட்டினால் விழக்கூடாது, அதே நேரம் உள்ளே தள்ள பலம் போட வேண்டி வரக்கூடாது. இறுக்கம் கூடினால் ரவை பாதி ஏறிப் பரலின் வாயில் சாய்ந்து நிற்கும், அதைப் பார்த்து ஆட்கள் மகசினை வளைப்பார்கள். மூன்றாவது ரீகோயில் ஸ்பிரிங். மிகக் கடினமானதைப் போட்டு ஸ்லைட் முன்னால் ஓடிவந்தால் மகசின் ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ரவையை ஏற்ற முடியாது, ஸ்லைட் ரவையின் மேலால் ஓடிப் போய்விடும். பாரம் குறைத்த ஸ்லைட்டுக்கும் இந்த வியாதி உண்டு.

ஸ்லைட் பின்னால் நிற்கும்போது மகசினைக் கோபத்தோடு அடித்துச் செருகாதீர்கள். இந்த வகையில் அது அளவுக்கு மேல் உள்ளே ஏறி, சுட்ட கோதை வெளியே தட்டிவிடுகிற இஜெக்டரில் மோதலாம். இஜெக்டர் வளைந்தால் அடுத்த நாள் தொடங்குகிற சிக்கலுக்கு மகசின்தான் திட்டு வாங்கும்.

திருத்தியதும் போட்டிக்குக் கொண்டு ஓட வேண்டாம். ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங்கையும் உதட்டையும் ஒரே நாளில் தொட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது. ரேஞ்சில் ஒவ்வொரு இலக்கத்தையும் முழுதாக நிரப்பிச் சுடுங்கள், வலது கையால் மட்டும், இடது கையால் மட்டும், வேகமாகவும் ஒவ்வொன்றாகவும். தளர்ந்த பிடியில்தான் பலவீனமான மகசின் தன்னைக் காட்டும். திருத்திய பிறகும் அதே நோயோடு இரண்டாம் தரம் வருகிற மகசினுக்குப் பேஸ்பாட்டில் சிவப்புப் பெயின்ற் அடித்துப் பயிற்சிப் பக்கம் தள்ளிவிடுங்கள். அதில் பாசம் வைத்து ஒரு ஸ்டேஜைத் தொலைக்காதீர்கள்.

என் ஊகத்தைக் கேட்டால், உங்கள் நான்கில் ஒன்றிலோ இரண்டிலோ யாரோ ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறார்கள். வெட்டினால் வலு குறைந்து கடைசி ரவை மூக்குக் குத்தும். வெட்டியதால் கிடைத்த இடத்தில் நீங்கள் ஒரு ரவை கூடத் திணித்தால் முதல் ரவைக்கு ஸ்லைட் நிற்கும். இரண்டு நோய்க்கும் ஒரே காரணமாக இருக்கலாம். ஆகவே எனக்கு அனுப்ப வேண்டியது இதுதான்: நான்கு ஸ்பிரிங்கையும் ஒரு அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்த ஒரு படம், இலக்கம் தெரிகிற மாதிரி. ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கீழ் நுனியைக் கிட்ட வைத்து இன்னொரு படம், வெட்டிய கம்பியின் முனை வேறு மாதிரித் தெரியும். நான்கின் உதட்டு அளவு, முன்னும் பின்னும். உங்கள் ரவையின் முழு நீளம், பத்து ரவை அளந்து. அதன் பிறகு எந்த ஸ்பிரிங் என்று சொல்கிறேன், வாங்கத் தேவை இருந்தால்.